மடியில் வந்த கடற்புல் காய்: பாக் விரிகுடா விசைப்படகுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாக் விரிகுடாக் கரையின் விசைப்படகு மீனவர் சங்க நிர்வாகிகளுக்கும், படகு உரிமையாளர்களுக்கும், டிரைவர்களுக்கும், மடி என்கிற இழுவை வலையை இழுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை விடியற்காலை. புதன்கிழமை தொழிலுக்குப் போன படகுகள் துறைக்குத் திரும்பியிருந்தன. இறாலும் நண்டும் கணவாயும் தரம் பிரித்துக் கூடைக்குப் போன பிறகு, தீவனத்துக்குப் போகிற கழிவுக் குவியல் ஒன்று ஓரமாகக் கிடந்தது. பொடிமீன், உடைந்த சங்கு, கால் போன நண்டுக் குஞ்சு, எல்லாவற்றோடும் பின்னிக் கிடந்த நீள நீளமான பச்சை இலைகள். அந்த இலைகளுக்கு நடுவில் ஒரு காய் இருந்தது. எலுமிச்சம்பழ அளவு, கரும்பச்சை நிறம், மேலெல்லாம் குட்டை குட்டையான மென்முட்கள். பக்கத்தில் நின்ற பையன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "சார், இது கடல் பலாவா?" என்று கேட்டான். பிளந்து பார்த்தோம். உள்ளே ஒன்பது விதைகள். ஒன்பதும் பச்சை மாறாமல் உயிரோடு இருந்தன.

நான் 31 ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்குத் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். என் தகப்பனார் வல்லத்தில் போய் நண்டு வலை போட்டவர். தாய்மாமன் மகன்கள் இருவர் இன்றைக்கும் விசைப்படகில்தான் போகிறார்கள். படகுச் சம்பாத்தியத்தில் படித்த பிள்ளைகள்தான் என் வகுப்பில் பாதிப் பேர். ஆகவே தொழிலை வெறுக்கிற ஒருவன் எழுதிய கடிதமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காயைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு ஒன்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் இந்த மடல்.

கடலுக்கடியில் பச்சையாக எது தெரிந்தாலும் பாசி என்று சொல்லிப் பழகிவிட்டோம். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது, பூ கிடையாது, விதை கிடையாது. இந்தச் செடிக்கு மூன்றும் உண்டு. கடற்புல் என்று இப்போது எழுதுகிறார்கள். பெயரில் புல் இருந்தாலும் அறுகுக்கும் நெல்லுக்கும் இது நெருங்கிய சொந்தமில்லை. எங்களுக்குக் கிடைத்த காயின் செடி, குளத்தில் இறங்கினால் காலைச் சுற்றுமே வேலம்பாசி, அதன் குடும்பம். (வேலம்பாசியும் பெயரில் மட்டும்தான் பாசி, அதுவும் பூக்கிற செடி.) கண்மாய்ச் சேற்றில் தோண்டி எடுக்கிற கொட்டிக்கிழங்கு இதற்குத் தூரத்து உறவு. தரையிலிருந்து நன்னீருக்கும், நன்னீரிலிருந்து உப்புநீருக்குமாக இறங்கிப்போன வம்சம் இது. ஏழு முதல் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால், டைனோசர்கள் உலவிய காலத்திலேயே இறங்கிவிட்டது என்று கணக்கிடுகிறார்கள்.

உலகத்தில் பூக்கும் தாவரங்கள் மூன்று லட்சம் இனங்களுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் கடலுக்குள்ளேயே வேர்விட்டு, பூத்து, காய்த்து, தலைமுறை நடத்தக் கற்றுக்கொண்டவை ஏறக்குறைய 70 இனங்கள்தான். அதில் பத்துக்கு மேற்பட்டவை நம் பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் இருக்கின்றன. நம் மடி தினமும் எதன்மேல் போய்வருகிறது என்பதை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

ஏன் இத்தனை குறைவு? 2004 ஆழிப்பேரலை வந்து போன பிறகு நாகப்பட்டினத்து வயல்களை நேரில் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். கடல்நீர் ஏறிய வயலில் பயிர் கருகி நின்றது. ஒரு முறை ஏறிய உப்பே அப்படிச் செய்தது. இந்தச் செடி அந்த உப்புக்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே சாகிறது. அதற்காக அது விட்டுக்கொடுத்தவை நிறைய. நிலத்துச் செடிகளுக்குப் பொதுவாக இலையில் நுண்ணிய துளைகள் இருக்கும். காற்று போய் வருவது அதன் வழியாகத்தான். ஐரோப்பியக் கடலோரங்களில் வளரும் ஜோஸ்டீரா மரைனா என்ற கடற்புல்லின் மரபணுத் தொகுப்பை 2016-ல் முழுமையாகப் படித்து வெளியிட்டார்கள். இலைத்துளையை உண்டாக்கும் மரபணுக்களே அதில் இல்லாமல் போயிருந்தன. மணம் வீசிப் பூச்சியை அழைக்க உதவும் மரபணுக்களும் போய்விட்டன. கடலுக்கடியில் துளையும் தேவையில்லை, அழைக்க வண்டும் இல்லை. நிலத்தில் சம்பாதித்ததைத் துறந்துதான் கடலில் குடியேற முடிந்திருக்கிறது.

அடுத்தது சேறு. மடியில் ஏறி வரும் கறுப்புச் சேற்றில் அழுகிய முட்டை வாடை அடிக்கும், நீங்கள் அறிவீர்கள். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அந்தச் சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. சாதாரண வேர் அங்கே அழுகிப்போகும். கடற்புல்லின் இலையிலிருந்து தண்டு வழியாக வேர் நுனி வரைக்கும் காற்றறைகள் குழாய் போல ஓடுகின்றன. பகல் வெளிச்சத்தில் இலை உணவு தயாரிக்கும்போது வெளிப்படுகிற ஆக்சிஜன் அந்தக் குழாய் வழியே கீழே இறங்கி, வேரைச் சுற்றி மெல்லிய ஒரு நல்ல மண் படலத்தை உண்டாக்கி வைக்கிறது. நச்சுக்கும் வேருக்கும் நடுவில் இருக்கிற வேலி அது. வெளிச்சம் இருக்கும்வரைதான் அந்த வேலியும் இருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தண்ணீரில் மிதக்கும் நுண்பாசிக்கு மேற்பரப்பு வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு கிடைத்தாலே போதும். கடற்புல்லுக்குச் சராசரியாக 11 பங்கு வேண்டும். அதனால்தான் அது ஆழக் கடலுக்குப் போகாமல், நம் விரிகுடா மாதிரி ஆழம் குறைந்த, தெளிந்த கடலைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறது. மடியின் பலகை அடித்தளத்தை உழுதுகொண்டு போகும்போது எழும் கலக்கலைப் படகின் பின்னால் நின்று பார்த்திருப்பீர்கள். அந்தக் கலக்கல் வடிந்து இலைமேல் படிகிறது. மடி நேராக மேலே போகாத புல்லுக்கும் வெளிச்சம் குறைகிறது. வெளிச்சம் குறைந்தால் ஆக்சிஜன் குறைகிறது. வேரைச் சுற்றிய வேலி அறுந்து நச்சு உள்ளே புகுகிறது. வெட்டுப்படாத புல்லும் இப்படிச் சாகும் என்பதை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள் என்பதால் விரித்துச் சொல்கிறேன்.

இனி அந்தக் காய் எப்படி உண்டானது என்பதற்கு வருகிறேன். 31 ஆண்டு பாடம் நடத்தியதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

பன்னிரண்டாம் வகுப்பில் தாவரவியல் படித்தவர்களுக்கு வாலிஸ்நேரியா என்ற பெயர் ஞாபகம் இருக்கலாம். நீரால் மகரந்தச் சேர்க்கை நடப்பதற்கு உதாரணமாக வரும் நன்னீர்ச் செடி. ஆண்டு தவறாமல் கரும்பலகையில் அதன் படத்தை வரைந்திருக்கிறேன். அதே கூத்து நம் கடலிலேயே நடக்கிறது என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. கூசாமல் சொல்கிறேன், கடற்கரையில் பிறந்தும் நான் பார்த்ததில்லை. மண்டபத்துக்கு வடக்குக் கரையில், தண்ணீர் நன்றாக வற்றிய ஒரு பகலில், முழங்கால் நீரில் நின்றபோது, சுற்றிலும் வெள்ளைவெள்ளையாகப் பொரி மாதிரி ஏதோ மிதந்து வந்தது. சோப்பு நுரை என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு பூ.

என்ஹாலஸ் அகோராய்டிஸ் என்பது அந்தச் செடியின் அறிவியல் பெயர். நம் கடற்புற்களில் இதுதான் பெரியது. இலை ஒரு மீட்டருக்கு மேலேயும் வளரும். அடித்தண்டைக் கறுப்பு நார் மூடியிருக்கும். இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் செடி அடியில் ஒரு பைக்குள் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்களை வளர்த்து வைத்திருக்கும். ஏற்றவற்றம் பெரிதாக இருக்கும் நாட்களில், தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து, அந்தப் பூக்கள் காம்பை விட்டுக் கழன்று மேலே வந்து மிதக்கும். பெண் செடி நீளமான காம்பில் ஒரே பூவை மேற்பரப்பு வரைக்கும் அனுப்பி வைத்திருக்கும். மூன்று இதழ்கள், சுருக்கம் சுருக்கமாக, சேம்பிலை போலத் தண்ணீர் ஒட்டாத இதழ்கள். காற்றும் நீரோட்டமும் தள்ளிக்கொண்டு வரும் ஆண் பூக்கள் அந்த இதழ்களின் பள்ளத்தில் போய்ச் சேரும். பிறகு தண்ணீர் ஏறும். ஏறும்போது பெண் பூ மூடிக்கொள்ளும், உள்ளே சிக்கிய ஆண் பூக்களோடு சேர்த்து.

அதன் பிறகு நடப்பதுதான் எனக்கு இன்றைக்கும் சிலிர்ப்பூட்டுவது. கரு பிடித்ததும் அந்த நீளக் காம்பு சுருள ஆரம்பிக்கிறது. போன் வயர் மாதிரி சுருண்டு சுருண்டு, பூவை மெல்லக் கீழே இழுத்து, அலையும் வெயிலும் படாத அடித்தளத்தில் கொண்டுபோய் வைக்கிறது. அங்கேதான் காய் முற்றுகிறது. பையன் கையில் எடுத்த காய் அப்படி இழுத்துப் பத்திரப்படுத்தி வைக்கப்பட்ட ஒன்று. முற்றிய பிறகு சில காய்கள் அங்கேயே வெடிக்கும். சில கழன்று நாள்கணக்கில் மிதந்து போகும். உள்ளே இருக்கும் விதை சில மணி நேரம் மிதந்துவிட்டு அமிழ்ந்துவிடும். இந்த விதைக்கு உறக்கக் காலம் கிடையாது. நெல்லைப் போலக் கோட்டையில் கட்டி அடுத்த போகத்துக்கு வைக்க முடியாது. விழுந்த இடத்தில் உடனே முளைத்தாக வேண்டும். வழியில் கரையேறினாலோ கழிவுக் குவியலில் காய்ந்தாலோ கதை முடிந்தது.

மற்ற இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு எல்லாம் தண்ணீருக்குள்ளேயே. சைமோடோசியா என்ற பட்டை இலைக் கடற்புல்லின் பூவை நீங்கள் பார்த்திருக்க வழியில்லை. இதழே இல்லாமல் இலையுறைக்குள் ஒளிந்திருக்கும். அதன் மகரந்தம் தூளாக இருக்காது, நூலாக இருக்கும். நிலத்துப் பூவின் மகரந்தம் கண்ணுக்குத் தெரியாத மணி. இது ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும் நீளத்தில் மெல்லிய இழை. பெண் பூவின் சூல்முடியும் இரண்டு நூலாகப் பிரிந்து நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கும். மணியாக இருந்தால் விலகிப் போய்விடும். நூலும் நூலும் என்றால் எங்கேயாவது சுற்றிச் சிக்கும். வலைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஹாலோஃபிலா என்ற குட்டிப் புல் மகரந்த மணிகளைப் பாசிமாலை போலக் கோத்து விடுகிறது. வேலை ஒன்றுதான்.

2016-ல் மெக்சிகோவின் கரீபியக் கரையிலிருந்து வந்த ஒரு செய்தி இன்னும் வியப்பு. தலாசியா டெஸ்டூடினம் என்ற அவ்வூர்க் கடற்புல்லின் ஆண் பூக்கள் இரவில் பசை போன்ற மகரந்தத்தை வெளிவிடுகின்றன. நண்டு, இறால் வகைகளின் பொடிப்பொடிக் குஞ்சுகளும் சிறு புழுக்களும் அந்தப் பசையைத் தின்ன வந்து, உடம்பில் ஒட்டிக்கொண்டு போய்ப் பெண் பூவில் சேர்க்கின்றன. கடலில் தேனீ வேலை பார்க்கும் உயிர்கள் இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் உலகம் அறிந்தது. அந்தச் செடியின் நேர்ச் சகோதரம், தலாசியா ஹெம்பிரிச்சி, நம் கடலில் இருக்கிறது.

"வாத்தியாரே, பூவும் காயும் போனால் என்ன, அதுதான் தண்டு ஓடிப் பரவுகிறதே" என்று நீங்கள் கேட்கலாம். என் மாமன் மகனே கேட்டான். நியாயமான கேள்வி. கடற்புல் பெரும்பாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டு வழியாகத்தான் பரவுகிறது, அறுகு மாதிரி, வாழைக்கன்று மாதிரி. ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே என்ற விரிகுடாவில் 180 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடக்கும் போசிடோனியா கடற்புல் முழுவதும் ஒரே விதையிலிருந்து வந்த ஒரே செடி என்று 2022-ல் கண்டுபிடித்தார்கள். வயது ஏறக்குறைய 4,500 ஆண்டுகள்.

ஆனால் ஒவ்வொரு இனத்தின் தண்டு ஓடும் வேகமும் வேறு வேறு. ஹாலோஃபிலா ஓவாலிஸ் ஆண்டுக்கு மூன்று மீட்டருக்கு மேல் ஓடும். சைமோடோசியா ஒன்றரை, இரண்டு மீட்டர். நம் பெரிய புல் என்ஹாலஸ் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர்தான் நகர்கிறது. மடித்தடம் 20 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தடத்தில் புல் முழுவதும் பிடுங்கப்பட்டுவிட்டால், இரண்டு ஓரத்திலிருந்தும் தண்டு மட்டுமே ஓடி நடுவில் சந்திக்க வேண்டும். ஒரு பக்கத்துக்குப் பத்து மீட்டர். ஆண்டுக்கு மூன்று சென்டிமீட்டர். பிள்ளைகளிடம் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்: 330 ஆண்டுக்கு மேல் ஆகும். அரை மணி நேர இழுவையில் போனதைத் தண்டு மீட்டெடுக்க 330 ஆண்டு. அதற்குள் அந்த வழியை மூடக்கூடிய ஒரே பொருள் விதை. காய் மிதந்து வந்து, வெடித்து, விதை அமிழ்ந்து, முளைத்தால் நம் ஆயுசிலேயே அந்த இடம் பச்சையாகும். நாம் அள்ளி வருவது அந்தக் காயை.

இன்னொன்று. தண்டு வழியாகவே பரவினால் எல்லாம் ஒரே உடம்பு. வாழை போட்டவர்கள் வாடல் நோய் வந்தபோது பட்ட பாடு தெரியும். ஒன்றுக்கு வந்தால் தோப்புக்கே வரும். 1930-களில் வட அட்லாண்டிக் கடலின் இரு கரையிலும் ஜோஸ்டீராவுக்கு ஒரு நோய் வந்து, பெரும்பகுதி புல்வெளிகள் சில ஆண்டுகளில் அழிந்தன. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துக் கடலோரக் காயல்களில் சுத்தமாகப் போயிற்று. எழுபது ஆண்டு கழித்தும் தானாகத் திரும்பவில்லை, ஏனென்றால் விதை தர அருகில் தாய்ச்செடி இல்லை. அங்குள்ள கடல் ஆய்வாளர்கள் வேறிடத்தில் பூத்த தண்டுகளைச் சேகரித்து, தொட்டியில் விதை பிரித்து, படகில் போய்த் தூவ ஆரம்பித்தார்கள். இருபது ஆண்டில் ஏழு கோடிக்கும் மேற்பட்ட விதைகள். இன்று அங்கே 3,600 ஹெக்டேர் புல்வெளி நிற்கிறது. விதை இருந்தால் திரும்பும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. நம்மிடம் தாய்ச்செடிகள் இன்னும் இருக்கின்றன. ஏழு கோடி விதையைக் கையால் தூவும் நிலைக்கு நாம் இன்னும் போகவில்லை.

ஆவுளியா என்கிற கடற்பசுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல் தின்னும் பிராணி புல்லுக்கு எதிரி என்றுதான் நானும் முன்பு எண்ணியிருந்தேன். 2017-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வில், ஆவுளியாவின் சாணத்திலும் பச்சைக் கடலாமையின் சாணத்திலும் முளைக்கும் திறனோடு கடற்புல் விதைகள் இருப்பதைக் காட்டினார்கள். அவற்றில் ஒன்று ஹாலோடியூல் யூனிநெர்விஸ். நம் கடலிலும் இருக்கிற இனம். மேய்கிற மாடே விதைக்கவும் செய்கிறது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடலை அரசு ஆவுளியா காப்பகமாக அறிவித்தபோது, "இன்னொரு தடையா" என்று துறையில் பேசிக்கொண்டதைக் கேட்டேன். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. கடலில் கோடு போடுகிறவர்கள் கடலுக்குப் போகிறவர்களைக் கேட்காமலே போட்டுப் பழகிவிட்டார்கள்.

புல் அழிவுக்கு நீங்கள் மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். சாக்கடை கடலில் விழுகிறது. இறால் பண்ணைக் கழிவு விழுகிறது. பாசி வளர்க்கும் மூங்கில் மிதவை புல்வெளிமேல் நின்றால் அடியில் நிழல் விழுகிறது. நாட்டுப்படகின் நங்கூரமும் புல்லைப் பிடுங்குகிறது. நான் பிறந்த குடியையும் சேர்த்தே சொல்கிறேன். உலகம் முழுவதும் கணக்கிட்டால், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, அளந்து பதிவான கடற்புல் பரப்பில் 29 விழுக்காடு போய்விட்டது. அத்தனையும் மடியால் போனதில்லை. ஆனாலும் நம் விரிகுடாவில் ஒரே நாளில் அதிகத் தரையைத் தொட்டு வருவது உங்கள் மடிதான். உங்களிடம் முதலில் கேட்பது அதனால்தான்.

டீசல் விலையும் படகுக் கடனும் எனக்குத் தெரியும். ஆழ்கடலுக்கு மாற 2017-ல் வந்த திட்டத்தில் படகு ஒன்றுக்கு 80 லட்சம் என்று சொன்னபோது, மானியம் போக மீதிப் பணத்துக்கு எங்கே போவது என்று உட்கார்ந்த குடும்பங்கள் என் தெருவிலேயே உண்டு. அக்கரைப் பிரச்சினையில் கைதான தம்பிகளின் வீடுகளுக்கு நானும் போய் வந்திருக்கிறேன். அக்கரையில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் நம் மொழி பேசும் மீனவர்கள்தான் இழுவைமடி வேண்டாம் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். 2017-ல் அங்கே சட்டமும் வந்தது. அந்த வழக்கை இந்த மடலில் நான் தீர்க்க முடியாது. மடியை நாளைக்கே கரையேற்றுங்கள் என்றும் நான் கேட்கவில்லை.

கேட்பது இது. புல் எங்கே அடர்த்தியாக இருக்கிறது என்பது எந்த அதிகாரியின் வரைபடத்தையும்விட உங்கள் டிரைவர்களுக்கு நன்றாகத் தெரியும், மடி கனத்து இலையாக வரும் இடங்கள் அவை. சங்கங்கள் கூடி, நாட்டுப்படகுக்காரர்களையும் உட்கார வைத்து, அப்படிப்பட்ட இடங்களில் சிலவற்றை நீங்களே தேர்ந்து, ஜி.பி.எஸ்.-ல் குறித்து, பத்து ஆண்டுக்கு எந்த மடியும் இறங்காத இடமாக வையுங்கள். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாட்டையே பேசி முடித்து நடைமுறைப்படுத்திய கரை இது. பேசினால் முடியும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் மீன் இனப்பெருக்கத்துக்காக வந்தது. 62-ஆம் நாள் மடி இறங்குகிறது. புல்லுக்கு அந்த இரண்டு மாதம் எதற்கும் பற்றாது. பூத்து, காய்த்து, விதை ஊன்றி, அந்த விதை மறுபடி பூக்கும் வயதுக்கு வர ஆண்டுகள் வேண்டும்.

ஒதுக்கும் இடம் வீணாகப் போகாது. ஓரா மீன் எங்கே மேய்கிறது, நீலக்கால் நண்டின் குஞ்சு எங்கே ஒளிகிறது, கணவாய் தன் முட்டைக்கொத்தை எதில் ஒட்டுகிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்னும் ஒரு சின்ன வேண்டுகோள், காசு செலவில்லாதது. மடியில் இந்த மென்முள் காய் வந்தால் குவியலில் தள்ளாமல், அங்கேயே, புல் இருக்கும் தண்ணீரிலேயே திருப்பிப் போட்டுவிடுங்கள். வெடித்துச் சிதறிய விதை பச்சையாக இருந்தால் அதையும். மடி உதறும் தம்பிகளுக்கு ஒரு முறை காட்டிக்கொடுத்தால் போதும். பிறகு அவர்கள் கண்ணில் தானாகப் படும்.

மீன்வளத் துறைக்கும் வனத்துறைக்கும் இதன் நகலை அனுப்புகிறேன். அவர்களிடம் கேட்பது ஒன்றே: சங்கங்கள் தாங்களாகக் குறிக்கும் இடத்தில் மிதவை கட்ட உதவுங்கள், அந்தக் குறியைக் காட்டிப் பிறகு யாருக்கும் அபராதம் போடும் வேலையில் இறங்காதீர்கள். நம்பிக்கையோடு கொடுத்த இடம் பொறியாக மாறினால் அடுத்த இடத்தை யாரும் காட்ட மாட்டார்கள்.

அந்த ஒன்பது விதைகளை அன்றைக்கே ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போய், மண்டபத்துக்கு வடக்கே நான் சொன்ன அதே இடத்தில், பழைய புல்லுக்குப் பக்கத்தில் விரலால் அழுத்தி ஊன்றிவிட்டு வந்தேன். போன வாரம் போய்ப் பார்த்தேன். நான்கைக் காணவில்லை. இரண்டு அழுகியிருந்தன. மூன்றில் இலை வந்திருக்கிறது, சுண்டுவிரல் நீளத்துக்கு. டிரைவர் தம்பிகள் யாராவது பார்க்க விரும்பினால், தொழிலுக்குப் போகாத ஒரு நாளில், தண்ணீர் வற்றும் நேரம் சொல்லுங்கள், கூட்டிக்கொண்டு போகிறேன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தால் போதும், முழங்கால் ஆழம்தான். காலை மட்டும் பார்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்திய ஆசிரியர்